இரத்தக் காசா?

சாரல் விழத் தொடங்கியதும் தென்காசிச் சாலைகளின் முகம் மாறிவிடுகிறது. நெல்லையிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகவும், மதுரையிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர் வழியாகவும், மலைக்கு அப்பாலிருந்து ஆரியங்காவு, புளியரை வழியாகவும் வண்டிகள் வந்து குவிகின்றன. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீராடியவர்கள் ஈரத் தலை உலருமுன் ஊர் போய்ச் சேர விரைகிறார்கள். கேரளத்திற்குக் கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கும் இதே சாலைதான். கொத்து வேலை முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்பும் தொழிலாளிக்கும் இதே சாலைதான். சாரல் காலம் ஓய்ந்த பின்னும் ஆபத்து ஓய்வதில்லை. 2024 ஜனவரி 28 அன்று அதிகாலையில், குற்றாலத்தில் நீராடிவிட்டுக் காரில் திரும்பிய புளியங்குடியைச் சேர்ந்த ஆறு பேர் லாரியுடன் மோதி மாண்டனர். ஆறு பேர் ஒருசேர மடிந்தால் நாடு அறிகிறது. ஒருவர் மடிந்தால் அவர் குடியிருந்த தெரு மட்டுமே அறிகிறது.

நாம் இங்கே பேச விரும்புவது சாலையைப் பற்றியன்று. அடக்கம் முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பி, முப்பதாம் நாள் திருப்பலிக்கு முன்னதாக அந்த வீட்டில் எழும் ஒரு கேள்வியைப் பற்றி. வழக்குத் தொடுப்பதா, வேண்டாமா? குருக்களாகிய நம்மிடம் இக்கேள்வி பல முறை வந்திருக்கிறது. சட்டம் தெரிந்தவரிடம் கேட்க வேண்டியதை ஏன் குருவிடம் கேட்கிறார்கள்? அவர்கள் கேட்பது சட்டத்தை அன்று என்பதே காரணம். தென்காசிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய், கொத்தனாரான கணவரைச் சாலையில் பறிகொடுத்தவர், நம்மிடம் கேட்டது இதுதான்: “செத்தவர் தலைக்கு விலை பேசணுமா, சாமி? அது இரத்தக் காசு இல்லையா?”

இந்தச் சொல் மறைநூலிலிருந்து வந்தது. முப்பது வெள்ளிக் காசைக் கோவிலில் வீசியெறிந்த யூதாசின் வரலாற்றைத் தவக்காலந்தோறும் கேட்டு வளர்ந்த மக்களின் நாவில் அது எளிதாக வருகிறது. அந்தக் காசைக் கருவூலத்தில் சேர்ப்பது முறையன்று எனத் தலைமைக் குருக்களே ஒதுக்கினார்கள்; அந்நியரை அடக்கம் செய்ய ஒரு குயவன் நிலத்தை வாங்கினார்கள். ஆனால் அந்தக் காசு எதற்காகக் கைமாறியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஓர் உயிரைக் காட்டிக்கொடுத்தவன் அதற்குக் கூலியாகப் பெற்றது அது. உயிரை இழந்தவரின் பிள்ளைகளுக்கு, இழக்கச் செய்தவர் தர வேண்டியதை அதே பெயரால் அழைப்பது பொருந்துமா? விற்றவன் பெறுவது விலை. இழந்தவன் பெறுவது ஈடு. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டதனாலேயே எத்தனையோ ஏழை வீடுகள் தமக்குரியதைத் தொடவும் கூசி நின்றிருக்கின்றன.

விடுதலைப் பயண நூலைப் புரட்டுவோர் அதில் கண்ணுக்குக் கண் என்னும் கட்டளையை மட்டுமே நினைவில் கொள்கிறார்கள். அதே அதிகாரத்தில், சண்டையில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவனுக்கு, அவன் வேலை செய்ய முடியாமற்போன நாள்களுக்கு ஈடு தந்து, அவன் முற்றும் நலம் பெறும்வரை மருத்துவத்தையும் அடித்தவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருக்கிறது. முட்டும் வழக்கமுள்ள மாடு என்று தெரிந்தும் கட்டி வைக்காத உரிமையாளன், அது ஒருவரைக் கொன்றால் பதில் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. மாட்டின் இடத்தில் லாரியை வைத்துப் படித்தால், இன்றைய மோட்டார் வாகனச் சட்டத்தின் வேர் எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

ஆயினும் எதிர்ப்பு இதோடு அடங்குவதில்லை. மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னது என்னவாயிற்று? வலக் கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டுவதும், அங்கியைக் கேட்டு வழக்காடுகிறவனுக்கு மேலுடையையும் விட்டுவிடுவதும் அன்றோ சீடனின் வழி? கொரிந்து நகர்ச் சபையார் ஒருவர் மேல் ஒருவர் வழக்குத் தொடுத்து, நம்பிக்கையற்றோர் முன் போய் நிற்பதைப் பவுலடியார் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! அநீதியைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்றே கேட்டுவிட்டார். இவற்றை நீர்த்துப்போகச் செய்ய நமக்கு விருப்பமில்லை. வரப்புத் தகராற்றில் இரு சகோதரர்கள் இருபது ஆண்டு நீதிமன்றப் படியேறி, வரப்பையும் வயலையும் சேர்த்து இழந்ததை இந்த மாவட்டத்தில் அறியாதார் யார்? அவர்களுக்குப் பவுலடியாரின் சொல் இன்றும் அப்படியே பொருந்தும்.

ஆனால் ஆண்டவர் தாமே தலைமைக் குருவின் முன் நின்றபோது நடந்ததையும் கூட வைத்துப் பார்க்க வேண்டும். காவலன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை. தாம் பேசியது தவறென்றால் எது தவறு என்று எடுத்துச் சொல்லும்படியும், தவறில்லை என்றால் அறைந்த காரணத்தைச் சொல்லும்படியும் கேட்டார். சினமின்றி, பழியின்றி, ஆனால் விடாமல் காரணம் கேட்டார். இவ்விடத்தைத் தூய அகுஸ்தீனாரும் அவர் வழியில் தூய தோமா அக்குவினாரும் கூர்ந்து நோக்கியிருக்கிறார்கள். மறு கன்னத்தைக் காட்டுவது உள்ளத்தின் ஆயத்தநிலை; எல்லா வேளையிலும் உடலால் செய்தாக வேண்டிய சடங்கன்று என்பது அவர்கள் கண்ட பொருள்.

பவுலடியாரின் வாழ்வோ இன்னும் தெளிவானது. பிலிப்பி நகரில் விசாரணையின்றி அவரைத் தடியால் அடித்துச் சிறையில் தள்ளினார்கள். மறுநாள் காலை, ஓசைப்படாமல் போய்விடலாம் என்று நடுவர்கள் சொல்லியனுப்பியபோது அவர் நகரவில்லை. உரோமைக் குடிமக்களைத் தீர்ப்பின்றி அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துச் செல்லட்டும் என்றார். அடியைத் தாங்கியவருக்கு அவமதிப்பைத் தாங்கத் தெரியாதா? தெரியும். அவர் ஊரைவிட்டுப் போய்விடுவார். இலிதியாவின் வீட்டில் கூடும் அந்தச் சிறு சபையோ அதே ஊரில், அதே நடுவர்களின் கீழ் வாழ வேண்டும். பின்னொரு நாள் செசரியாவில் பெஸ்துவின் முன் நின்று சீசரிடம் முறையீடு செய்தபோதும், தம் குடியுரிமை இன்னதென்று அவர் நன்றாக அறிந்திருந்தார். கொரிந்தியருக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னவரும் பிலிப்பியில் விட்டுக்கொடாதவரும் ஒருவரே. கொரிந்தியர் காத்தது தத்தம் பொருளை. பிலிப்பியில் அவர் காத்தது பிறரை.

நமக்கு வந்த கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. விட்டுக்கொடுத்தல் ஓர் அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பொருளை விட்டுக்கொடுக்க அது நம்முடையதாக இருக்க வேண்டும். நம்முடையது என்பதை நாம் அறிந்தும் இருக்க வேண்டும். தன் பையில் என்ன இருந்தது என்றே தெரியாதவனிடமிருந்து எடுத்துக்கொண்டதை அவன் தானமாகத் தந்தான் என்று எவரும் சொல்வதில்லை. சட்டம் தனக்கு என்ன தருகிறது என்று அறியாத ஒரு கைம்பெண், வந்தவர் நீட்டிய தாளில் கைந்நாட்டு வைத்தால், அது மன்னிப்பு ஆகாது, அறியாமை மட்டுமே. அறிந்த பின்னும் தன் பங்கை விட்டுவிட அவள் முனைந்தால், அதை நாம் மதிப்போம். ஆனால் அப்பொழுதும் பிள்ளைகளின் பங்கை விட்டுவிட அவளுக்கு உரிமையில்லை. தனக்கு இழைக்கப்பட்ட தீங்கைப் பொறுப்பது நிறைவின் அடையாளம், பிறருக்கு இழைக்கப்பட்டதைத் தடுக்க முடிந்தும் பொறுத்திருப்பது குறையே என்று தோமா அக்குவினார் காட்டும் வேறுபாடு இதற்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது. நாட்டின் சட்டமும் இதை அறியும். வழக்கில் சிறுவர்களின் சார்பாகச் செய்யப்படும் சமரசத்திற்கு நீதிமன்றத்தின் இசைவு வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் விதித்திருக்கிறது. பெற்ற தாயேயானாலும் இந்த இசைவின்றி முடிக்க முடியாது.

நாம் குறிப்பிட்ட தாயின் வீட்டிற்கும் ‘பேசி முடிக்க’ ஆள் வந்தது. குற்றாலத்திற்கு வந்து திரும்பிய வெளியூர் வண்டி அது. உரிமையாளரின் உறவினர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னிறுத்தி, ஐம்பதாயிரம் ரூபாயை ஓர் உறையிலிட்டுக் கொண்டுவந்தார்கள். “அண்ணாச்சி சொல்றதைக் கேளும்மா, கோர்ட்டுக்குப் போனா பத்து வருசம் இழுக்கும்” என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கண் கலங்கித்தான் பேசினார்கள். ஆயினும் அந்த உறையோடு ஒரு தாளும் வந்தது. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

அந்த ஐம்பதாயிரம் எதற்கு நிகர் என்று கணக்கிட்டுப் பார்க்க எவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. 2009-லும் 2017-லும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறந்தவர் 32 வயதுக் கொத்தனார். மாத வருவாய் 15,000 ரூபாய் என்று மெய்ப்பிக்கப்படுகிறது. மனைவி, இரு பிள்ளைகள், முதிய தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகத் தொழில் செய்வோர் 40 வயதுக்குக் கீழ்ப்பட்டிருந்தால், பிற்கால வருவாய் உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்க்கப்படும், 21,000 ஆகிறது. தமக்கென அவர் செலவிட்டிருக்கக்கூடிய நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். அடக்கச் செலவும் பிறவும் இதற்கு மேல். ஒவ்வொரு வழக்கிலும் இத்தொகை கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வருவாய்க்குச் சான்று வேண்டும். இறந்தவர் மீதும் தவறு இருந்தால் அந்த அளவுக்குக் குறையும். ஆயினும் முப்பது இலட்சத்தின் அருகே ஐம்பதாயிரத்தை வைத்துப் பார்த்தால், ‘விட்டுக்கொடு’ என்னும் புண்ணியச் சொல் யாருடைய நன்மைக்காகச் சொல்லப்பட்டது என்பது தெரியும்.

பீடி சுற்றும் அந்தத் தாயே இறந்திருந்தால் என்ன கணக்கு என்றும் கேட்கலாம். ‘வீட்டில் சும்மா இருந்தவள்’ என்று அவளுக்குச் சுழியம் போடும் காலம் போய்விட்டது. ஜாம்ஷெட்பூரில் 1989-ல் நேர்ந்த தீ விபத்து தொடர்பான வழக்கில், 2001-ல் உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2021-லும், வீட்டு வேலை பொருளாதார மதிப்பற்றது என்னும் எண்ணத்தை அது களைந்தெறிந்தது. மறையுரைகளில் அன்னையரைப் புகழ்ந்துவிட்டு அமர்ந்துவிடும் நாமும் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசு அறிவிக்கும் கருணைத் தொகையைப் பெற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர் நம் பங்குகளில் மிகப் பலர். அப்படியன்று. கருணைத் தொகை தருபவரின் மனத்தைப் பொறுத்தது. இழப்பீடு பெறுபவரின் உரிமையைப் பொறுத்தது. ஒன்று வந்ததனால் மற்றது அற்றுப்போவதில்லை. பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அப்படிப்பட்ட துயரில் பொறுப்பாளி எவர் என்பதே நீண்ட வாதத்திற்குரியது. அங்கே கருணைதான் முதலில் வந்து சேர முடியும். ஆனால் சாலையில் நேர்வதற்கு ஒரு வண்டி உண்டு; வண்டிக்கு ஓர் உரிமையாளர் உண்டு; சட்டப்படி ஒரு காப்பீடு உண்டு. அங்கே கொடுப்பது கடன். நீதிப்படி செலுத்த வேண்டியதை அன்பின் கொடையாகக் காட்டிக் கொடுக்கலாகாது, நீதியின் கோரிக்கையை முதலில் நிறைவேற்ற வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் கற்பித்ததை நாம் குருத்துவக் கல்லூரியில் படித்தோம். அதன் பொருளை இந்த ஐம்பதாயிரம் ரூபாய் உறை விளக்கியதுபோல எந்தப் பாடநூலும் விளக்கியதில்லை.

உயிருக்குப் பணத்தால் ஈடு செய்ய முடியுமா என்னும் வினா மிச்சமிருக்கிறது. முடியாது, சட்டமும் முடியும் என்று சொல்லவில்லை. கணவரின் துணையை இழந்ததற்கு 2017-ல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த தொகை 40,000 ரூபாய். மூன்றாண்டுக்கு ஒரு முறை நூற்றுக்குப் பத்து கூடும். இதைப் படித்ததும் நமக்கு முதலில் சிரிப்பும் பிறகு ஒருவகை மரியாதையும் வந்தன. அளக்க முடியாததை அளக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, அடையாளமாக ஒரு சிறு தொகையை வைத்துவிட்டு, அளக்கக்கூடிய அரிசியையும் பள்ளிக் கட்டணத்தையும் வாடகையையும் மட்டும் அது அளக்கிறது. திருவாரூரில் தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அந்தப் பசு வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் வேறு தீர்ப்புக் கேட்டிருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இன்றைய தீர்ப்பாயம் சோழனைவிடத் தாழ்மையானது. அது கொன்றவனின் மகனைக் கேட்பதில்லை. இறந்தவனின் மகனுக்குச் சோறு கேட்கிறது.

மணியை அசைக்க இப்போது வக்கீல் வேண்டியிருக்கிறது. பிணக்கூறாய்வு முடிந்து உடலைப் பெறக் காத்திருக்கும்போதே, தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்லி, வெற்றுத் தாளிலும் வக்காலத்திலும் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் இடைத்தரகர்கள் உண்டு. இவ்வாறு வழக்குத் தேடுவதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்துள்ளன. கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதையும் அவை தடை செய்துள்ளன. தெலங்கானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், விபத்து இழப்பீட்டில் விழுக்காட்டுக் கணக்கில் கட்டணம் கேட்பது தொழில் ஒழுக்கத்திற்கு மாறானது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதில் உண்மையும் உண்டு. கையில் காசில்லாத ஏழைக்கு, ‘வந்தால் கொடு’ என்று சொல்லும் வக்கீல்தானே கிடைப்பார்? ஆனால் வழக்கின் பயனில் பங்காளியானவர், விரைவாக முடியும் சிறு தொகையையா, பொறுத்துப் பெறும் நியாயமான தொகையையா, எதைத் தம் கட்சிக்காரருக்கு அறிவுரையாகச் சொல்வார்? கண்ணுக்கு முன் தம் பங்கு நிற்கையில் அவர் அறிவு நேராக நிற்பது கடினம்.

வழக்குரைஞர்கள் எல்லாரையும் இப்படி எண்ணிவிடுவது பெரும் அநீதி. இது வ.உ.சிதம்பரனார் வக்கீலாக வாழ்ந்த சீமை. சிறைத் தண்டனையால் தொழிலுரிமையை இழந்த அவர், அதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். திருச்சபையிலும் பிரிட்டனி நாட்டு தூய ஈவோ (1253–1303) குருவாகவும் நீதிபதியாகவும் இருந்து, ஏழைகளின் வழக்குகளை ஊதியமின்றி நடத்தினார். வழக்குரைஞர்களின் பாதுகாவலராக இன்றும் போற்றப்படுகிறார். வழக்குரைஞர் எல்லா ஏழைக்கும் இலவசமாக வாதாடக் கடமைப்பட்டவர் அல்லர், ஆனால் வேறு துணையின்றித் தம் கண்முன் நிற்பவனைக் கைவிடலாகாது. அளவான கட்டணம் பெறலாம். அநீதியான வழக்கு என்று அறிந்தே வாதாடினால் ஈடு செய்யக் கடமைப்படுகிறார் என்று தோமா அக்குவினார் எழுதிச் சென்றார். எழுநூறு ஆண்டுக்கு முந்திய துறவி ஒருவர் வழக்குமன்றத்தை இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தது நமக்கு வியப்பளிக்கிறது.

வேறு துணையில்லாத ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது இன்று சட்டம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், சிறார், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் முதலியோர் வருவாய் வரம்பு பாராமல் இதற்கு உரியவர்கள். ஆக அந்தத் தாய்க்கு ஒரு முறைக்கு இரு முறை தகுதி இருந்தது. பெண் என்பதால் ஒன்று, தொழிலாளி என்பதால் மற்றொன்று. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகினால் போதும். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், மனுதாரர் வாழும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் ஒரு வரம்பு வந்தது. அதற்கு எதிரான வழக்குகளில், காலம் கடந்தது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளலாகாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. என்றாலும் நாள் தள்ளுவதில் நன்மை ஏதுமில்லை. இடித்துவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியாமற்போனால், உயிரிழப்புக்கு 2 இலட்சம் ரூபாய் பெறத் தனித் திட்டம் உண்டு. அதற்கு வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தனியே வைத்துக்கொண்ட வக்கீலிடம் நம்பிக்கை குன்றினால் வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். கட்டணம் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டை அவர் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று 2000-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. இவையெல்லாம் மறையுரைப் பொருளா என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். செலொபுகாதின் புதல்வியர் ஐவர் தந்தையின் பங்கைக் கேட்டு வந்தபோது, மோசே அந்த வழக்கை ஆண்டவர் திருமுன் கொண்டு சென்றார். அவர்கள் கேட்பது சரியே என்று பதில் வந்தது. மோசே செய்ததை மோசேயின் வழிவந்தோர் செய்யலாமே என்றோம்.

உரிமையைக் கேட்கும் வழியில் ஒரு படுகுழி உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. இடித்த வண்டிக்குக் காப்பீடு இல்லை என்று தெரிந்ததும், காப்பீடுள்ள வேறு வண்டி ஒன்றை இடித்ததாகக் காட்டலாம் என்றும், உரிமம் இல்லாத ஓட்டுநருக்குப் பதில் உரிமம் உள்ள ஒருவரை நிறுத்தலாம் என்றும் யோசனை சொல்வோர் வருவார்கள். மரணம் உண்மை, வறுமை உண்மை, கொடுக்கப்போவது பெரிய நிறுவனம், ஒரு சிறு பொய்தானே என்பார்கள். இந்த இடத்தில் நம் நெஞ்சம் அந்தக் குடும்பத்தின் பக்கமே சாய்கிறது. ஆயினும் பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளைக்கு ஏழைகளுக்கென்று ஒரு விதிவிலக்கு எழுதப்படவில்லை. தன் மேல் விழாத குற்றத்தை ஏற்க ஒருவனுக்குக் காசு கொடுத்து வாங்கும் தொகைதான் இரத்தக் காசுக்கு அருகில் வருகிறது. காப்பீடு இல்லாவிட்டாலும் உரிமையாளரின் பொறுப்பு நீங்குவதில்லை. அவர் சொத்திலிருந்து பெற வழி உண்டு. அது கடினமான வழி, நெடிய வழி என்பதை மறைக்க மாட்டோம்.

மன்னிப்பைப் பற்றி அந்தத் தாய் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வண்டி ஓட்டியவன் இருபத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞன்; கூலிக்கு ஓட்டியவன். வழக்குப் போட்டால் அவன் குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமே என்று அவர் அஞ்சினார். இழப்பீட்டு வழக்கில் தொகையைச் செலுத்துவது காப்பீட்டு நிறுவனம். இவ்வாறான நாளுக்காகவே அது பல்லாயிரம் வண்டிகளிடம் சந்தா வாங்கி வைத்திருக்கிறது என்று விளக்கினோம். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான குற்ற வழக்கு வேறு. அதை நடத்துவது அரசு. இவ்விரண்டிலும் தலையிடாத மூன்றாவது ஒன்று அவர் உள்ளத்தில் மட்டும் நடக்க வேண்டியது. அதற்கு நீதிமன்றத்தின் அனுமதியோ வக்காலத்தோ தேவையில்லை என்றோம்.

ஊர்ப் பெரியவர் கொண்டுவந்த உறை திரும்பிப் போயிற்று. சட்டப் பணிகள் குழு அமர்த்திய வழக்குரைஞர் மனுவைத் தாக்கல் செய்தார்; இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகைக்கு இணங்கியது. மக்கள் நீதிமன்றத் தீர்வின் மேல் முறையீடு கிடையாது என்பதால், ஒப்புக்கொள்ளுமுன் அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டு, கணக்கை மீண்டும் ஒரு முறை எழுதிப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளின் பங்கு, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய நெறிப்படி, அவர்கள் வயது நிறையும்வரை வங்கியில் வைப்பாக இடப்பட்டிருக்கிறது. அவசரப்பட்டு எடுக்கவும் முடியாது. எவரும் வந்து கடன் கேட்கவும் முடியாது. கணவரின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குக் கருத்து எழுதிக் கொடுக்க வந்தபோது, அந்தத் தாய் தாளில் இரண்டு பெயர்களை எழுதியிருந்தார். இரண்டாவது பெயர் நமக்குப் புதிதாக இருந்தது. யார் என்று கேட்டோம். முதல் தகவல் அறிக்கையில் பார்த்து எழுதியதாகச் சொன்னார்.